பீஸ் ரேட்டிலிருந்து குழு ஊக்கத்தொகைக்கு: திருப்பூர் தையல் லைன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனி. அதன் தையலில் பீஸ் ரேட்டில், அதாவது தைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் இத்தனை காசு என்ற கணக்கில், ஓடிக்கொண்டிருந்த 23 பேர் கொண்ட ஒரு குழுவை, ஷிப்ட் கூலியும் குழு ஊக்கத்தொகையும் உள்ள லைன் முறைக்கு மாற்ற நிர்வாகம் முயன்றது. முதல் முயற்சி இரண்டே வாரத்தில் நின்றுபோனது. இரண்டாவது முயற்சிக்குக் குழுப் பயிற்சியாளராக என்னைக் கூப்பிட்டார்கள். தை மாதக் கடைசியிலிருந்து சித்திரை முடிய நான் அங்கே போய்வந்தேன். கம்பெனியையும் ஆட்களையும் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்த பிழைகளை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அறுபது சொச்சம் மெஷின்கள், மூன்று பிரிவுகள். தைப்பது பெரும்பாலும் ரவுண்ட் நெக் டி-சர்ட், சில மாதங்களில் போலோ. மாற்றத்துக்கு எடுத்துக்கொண்ட பிரிவில் 14 டெய்லர்கள், 6 கைமடிகள் (டெய்லர்களுக்குத் துணியை அடுக்கிக் கொடுக்கும் உதவியாளர்கள்), செக்கிங்கில் 2 பேர், ஒரு சூப்பர்வைசர். டெய்லர்களில் ஐந்து பேர் ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருந்த இளைஞர்கள். மற்றவர்களில் பாதிக்கு மேல் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள்.

அதுவரை இருந்தது பண்டல் முறை. கட்டிங்கில் வெட்டிய துணி பண்டல் பண்டலாகக் கட்டி வரும். தோள் இணைப்பவர் தன் பண்டலை முடித்துக் கட்டிப்போட்டால், கழுத்து ரிப் (கழுத்துப் பட்டை) வைப்பவர் எடுத்துக்கொள்வார். அப்புறம் கை இணைப்பு, சைடு, அடி மடிப்பு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பீஸுக்கு இத்தனை காசு என்று ரேட். தைத்த அளவுக்குச் சனிக்கிழமை சம்பளம். கைமடிகளுக்கும் செக்கிங்குக்கும் மட்டும் ஷிப்ட் கணக்கு.

இந்த முறையில் இரண்டு மெஷினுக்கு நடுவில் எப்போதும் பண்டல்கள் குவிந்து கிடக்கும். தோளில் ஆரம்பித்த ஒரு பீஸ் செக்கிங் மேஜைக்கு வர மூன்று நாள் ஆகும். ரிப் சுருக்கமாக விழுந்திருந்தால், அதைச் செக்கிங்கில் கண்டுபிடிக்கும் நேரத்துக்குள் அதே பிழையோடு நானூறு பீஸ் தைத்து முடிந்திருக்கும். பையர்கள் முன்னைவிடச் சின்ன ஆர்டர்களாக, குறைந்த நாள் அவகாசத்தில் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பிழையான பீஸ்களைத் திரும்பச் சரிசெய்யும் ஆல்ட்ரேஷன் வேலையிலேயே ஷிப்மென்ட் தேதி தவறியது. நூறு பீஸுக்கு ஒன்பது பீஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. மாற்றம் தேவையா என்றால், தேவைதான். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

முதல் முயற்சி

தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, "இன்னையிலிருந்து லைன்" என்று அறிவித்தார்கள். மெஷின்களை ஞாயிற்றுக்கிழமையே நகர்த்தி வரிசையாகப் போட்டுவிட்டார்கள். இனிப் பண்டல் கிடையாது, ஐந்தைந்து பீஸாகக் கைமாறும். இனி ஷிப்ட் கூலி, அதற்கு மேல் லைன் மொத்தமாக எடுக்கும் பீஸுக்கு ஊக்கத்தொகை. சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டி, மணிக்கொரு முறை சூப்பர்வைசர் அதில் எண்ணிக்கை எழுதினார்.

இரண்டு வாரத்தில் ஐந்து டெய்லர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். திருப்பூரில் வேறு இடம் தேடிக்கொள்வது பெரிய விஷயமே இல்லை. பக்கத்துக் கம்பெனி கேட்டிலேயே "டெய்லர்கள் தேவை" என்று போர்டு தொங்கும். மூன்றாவது வாரம் நிர்வாகம் பழைய முறைக்குத் திரும்பியது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்களில் இன்னும் இரண்டு பேர் திரும்பவில்லை.

முதலாளி என்னிடம் சொன்னது இது: "அவங்களுக்கு மாறவே மனசில்லீங்க. எது சொன்னாலும் பழசுதான் வேணும்பாங்க." ஆட்களைப் பேசி மனம் மாற்ற வேண்டும் என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த வேலை. அதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு வாரம் லைனில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொண்டதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஒரு வாரம் பார்த்தது

கழுத்து ரிப் வைக்கும் அக்கா ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, பதினெட்டு வருடத் தையல். அந்தப் பிரிவிலேயே வேகமான கை அவருடையதுதான். சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும், மெஷின் டிராயரைத் திறந்து எண்ணெய்த் துணிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அட்டையில் பழனி முருகன் படம், சுற்றிலும் ரப்பர் பேண்ட். பண்டல் எண், சைஸ், பீஸ் எண்ணிக்கை, வலது ஓரத்தில் கூட்டிக்கொண்டே வரும் மொத்தம். இரண்டு நிமிடம் எழுதிவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் தொட்டார்.

அடுத்த நாள் எண்ணிப் பார்த்தேன். 14 டெய்லர்களில் 12 பேரிடம் நோட்டு இருந்தது. சிலருடையது வேலை டைரி போல இருந்தது. ஒடிசாப் பையன் ஒருவன் செல்போனில் ஏற்றி வைத்திருந்தான். சனிக்கிழமை அக்கவுண்ட்ஸிலிருந்து சம்பளச் சீட்டு வந்ததும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு தடவை சீட்டில் ஏழு பண்டல் விட்டுப்போனதை நோட்டைக் காட்டித்தான் வாங்கினேன் என்று அக்கா சொன்னார்.

முதல் முயற்சியில், "இனி நோட்டெல்லாம் வேண்டாம், போர்டைப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் அதை ஒரு வசதியாக நினைத்துத்தான் சொன்னார்கள். கேட்டவர்களுக்கு அது வேறாகப் பட்டது. தன் உழைப்புக்குத் தன் கையில் இருந்த சாட்சி போய்விட்டது. இனிக் கணக்கு என்பது வேறொருவர் சுவரில் எழுதுவது. பழசுதான் வேண்டும் என்று அவர்கள் பிடித்துக்கொண்டு நின்றதாக முதலாளி சொன்னாரே, அதில் பெரும்பகுதி இந்த நோட்டுதான் என்று அந்த வாரக் கடைசியில் எனக்குத் தோன்றியது.

மற்றொன்று சூப்பர்வைசர். பண்டல் முறையில் யாருக்கு எந்தப் பண்டல் என்பதை முடிவு செய்பவர் அவர். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே ரேட். ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடும்போது தையல் கண்ணுக்குத் தெரியாது, வேகம் குறையும். பெரிய சைஸ் என்றால் நீளத் தையல், காசு அதேதான். வெள்ளையில் மீடியம் சைஸ் கிடைத்தவருக்கு அன்று யோகம். அந்த யோகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதில்தான் அவருடைய மரியாதை இருந்தது. லைன் வந்தால் அந்த அதிகாரம் இல்லை. முதல் முயற்சியில் அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. போர்டில் எண்ணிக்கையை எழுதினார், மெஷின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டார், அவ்வளவுதான். லைன் தள்ளாடியபோது தாங்கிப் பிடிக்கவில்லை.

கைமடிகள் ஆறு பேரும் இளம்பெண்கள். குழு ஊக்கத்தொகையில் அவர்களுக்கு லாபம். அவர்கள் மாற்றத்தை விரும்பினார்கள், ஆனால் அக்காமார் முன்னால் வாய் திறக்கவில்லை.

கடைசியாகக் கூலி. நான் அக்காவிடம் கேட்டு அவர் நோட்டிலிருந்தே கணக்குப் போட்டேன். பீஸ் ரேட்டில் நல்ல வாரத்தில் அவர் 5,400 ரூபாய் எடுக்கிறார். புதிய முறையில் லைன் இலக்கைத் தொட்டால்கூட 4,300-க்குப் பக்கத்தில்தான் வரும். மெதுவாகத் தைப்பவர் 3,000 எடுத்துக்கொண்டிருந்தார், அவருக்குக் கூடும். "எல்லோருக்கும் லாபம்" என்று நிர்வாகம் அறிவித்தது உண்மை இல்லை. வேகமான நான்கைந்து பேருக்கு நஷ்டம், அது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. முதல் முயற்சியில் நின்ற ஐந்து பேரும் வேகமான கைகள்தான்.

முதல் கூட்டமும் இரண்டு பிழைகளும்

கூட்டத்தை முதலாளியின் அறையில் வைத்தேன். இது என் முதல் பிழை. நாற்காலி போட்டிருந்தும் யாரும் உட்காரவில்லை. சுவரோரமாக நின்றார்கள். என்ன கேட்டாலும் "சரிங்க" என்றார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே தண்ணீர்க் குழாய் பக்கம் அக்கா என்னிடம் சொன்னார்: "அங்க வெச்சு என்னங்க பேசறது? சம்பளம் குடுக்கறவரு எதுத்தாப்புல உக்காந்திருக்காரு."

இரண்டாவது பிழை இதைவிட மோசம். ஒடிசா இளைஞர்களுக்கு விளக்கிச் சொல்ல, அவர்களைக் கூட்டிவந்த ஆள் ஒப்பந்தக்காரரையே மொழிபெயர்க்கச் சொன்னேன். எட்டு வாரத்துக்குப் பழைய சராசரிச் சம்பளம் குறையாமல் கிடைக்க நிர்வாகத்திடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, ஆறு வருடமாகத் திருப்பூரில் இருக்கும் ஒரு டெய்லர் நல்ல தமிழில் என்னிடம் கேட்டார்: "எட்டு வாரம் ஊருக்குப் போகக் கூடாதாண்ணா?" ஒப்பந்தக்காரர் தன் ஆட்கள் போய்விடக் கூடாது என்ற கவலையில், சம்பளப் பாதுகாப்பை ஒரு கட்டுப்பாடாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். இப்படிக் கேட்டவரை வைத்தே அடுத்த கூட்டங்களை நடத்தினோம். அந்த வேலைக்கு அவருக்குத் தனியாகப் படி கொடுக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எது பேச்சுக்கு உட்பட்டது, எது இல்லை என்பதைப் பிரித்தோம். லைன் முறைக்குப் போவது முடிவான விஷயம். அதை ஆட்களின் கருத்துக்கு விட்டதுபோல நடிக்க வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். எப்படிப் போவது, யார் எந்த மெஷின், எந்த வேலைக்குப் பின் எது, கணக்கை யார் வைப்பது, ஊக்கத்தொகையை எப்படிப் பங்கிடுவது ஆகியவற்றைக் குழு முடிவு செய்யும்.

இந்த அணுகுமுறைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்தின் ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் காக், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் ஒரு சோதனை செய்து 1948-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் பீஸ் ரேட், அங்கேயும் வேலைமுறை மாற்றம். மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் முதல் 40 நாளுக்குள் நூற்றுக்குப் 17 பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தியும் விழுந்த இடத்திலிருந்து எழவில்லை. எல்லோரும் உட்கார்ந்து புதிய முறையைத் திட்டமிட்ட குழுக்களில் ஒருவர்கூட வேலையை விடவில்லை, உற்பத்தி பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் கூடியது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அடுத்த பகுதி. தோற்ற குழுவில் மிஞ்சியவர்களையே சில மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றியபோது, இந்தத் தடவை அவர்களையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். அதே ஆட்கள் சீக்கிரமே மேலே வந்துவிட்டார்கள். எங்கள் லைனும் ஒருமுறை தோற்ற லைன்தான். முதலாளியிடம் நான் எடுத்துச் சொன்ன வாதம் இது ஒன்றே.

இரண்டாவது முடிவு சம்பளப் பாதுகாப்பு. ஒவ்வொரு டெய்லருக்கும் கடந்த எட்டு வாரச் சராசரியை எடுத்து, புதிய முறையின் முதல் எட்டு வாரத்தில் அதற்குக் கீழே போகாது என்று எழுத்தில் கொடுத்தோம். புது இடத்தில் கை பழகும் வரை வேகம் குறையத்தான் செய்யும், அந்தச் செலவை ஆட்கள் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. எட்டு வாரத்துக்குப் பின் வேகமானவர்களுக்குக் குறைய வாய்ப்பு உண்டு என்பதையும் அதே தாளில் எழுத வைத்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. அக்கா படித்துவிட்டு, "இதையாவது சொன்னீங்களே" என்றார்.

இதில் சட்டமும் இருந்தது. அப்போது நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, கூலியையும் அது கொடுக்கப்படும் முறையையும் தொழிலாளருக்குப் பாதகமாக மாற்றுவதற்கு முன் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். முதல் முயற்சியில் இது செய்யப்படவில்லை, யாருக்கும் நினைவே வரவில்லை. இந்தத் தடவை தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிப்பு ஒட்டினோம். அந்த 21 நாள் எங்களுக்குப் பேசக் கிடைத்த நேரமாகவும் ஆனது.

மூன்றாவது, கூட்டம். தினமும் காலை 8.30-க்கு, மெஷின் வரிசைகளுக்கு நடுவிலேயே, நின்றபடி 15 நிமிடம். மோட்டார் போடுவதற்கு முன்பு வைத்தால்தான் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கும். அந்த 15 நிமிடமும் ஷிப்ட் நேரத்துக்குள் வரும், கூலி உண்டு. நிர்வாகத்திலிருந்து சூப்பர்வைசர் தவிர யாரும் வரக் கூடாது.

நான்காவது, நோட்டு. போர்டை எடுத்துவிட்டு ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினோம். வாரத்துக்கு ஒருவர் முறை வைத்து மணிக்கொரு தடவை எண்ணிக்கை எழுதுவார். யார் இல்லை, எந்த மெஷின் நின்றது, ஏன் நின்றது என்பதும் அதில் வரும். நாள் முடிவில் சூப்பர்வைசர் அதன் கீழே கையெழுத்துப் போடுவார். சனிக்கிழமைச் சீட்டு இந்த நோட்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் நோட்டில் இருப்பதே கணக்கு. கடைசி வரியை ஒத்துக்கொள்ள அக்கவுண்ட்ஸ் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது.

சூப்பர்வைசரோடு தனியாக மூன்று முறை பேசினேன். முதல் தடவை எல்லாம் நல்லபடி நடக்கும் என்றார். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாவது தடவை பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "பண்டல் குடுக்கற வேலையும் போச்சுன்னா எனக்கு அங்க என்னங்க வேலை?" என்று கேட்டார். அவர் பன்னிரண்டு வருடம் டெய்லராக இருந்தவர், ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் மூன்று வகை மெஷினும் தெரியும். ஒருவர் வராத நாளில் லைன் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் ஆளுக்கு இரண்டு மெஷின் தெரிந்திருக்க வேண்டும், அதைக் கற்றுக்கொடுக்க அவரைவிடத் தகுந்தவர் இல்லை. அந்த வேலையை அவர் பெயருக்கே எழுத்தில் கொடுக்கச் செய்தோம்.

எட்டு வாரம்

ஷிப்டுக்கு 650 பீஸ் ஓடிய இடத்தில் முதல் வாரம் 480 ஓடியது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தோம், இருந்தாலும் முகங்கள் வாடித்தான் போயின. முதலாளி தினமும் இரண்டு தடவை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் முதல் சண்டை. கை இணைக்கும் இடத்தில் பீஸ் தேங்கியது. அங்கே உட்கார்ந்திருந்தது புதிதாகச் சேர்ந்த தம்பி. பீஸ் ரேட்டில் அவர் மெதுவாகத் தைத்தால் அவருக்கு மட்டும் நஷ்டம், இப்போது எல்லோருக்கும். காலைக் கூட்டத்தில் ஒரு அண்ணன், "இவனால எங்க எல்லாருக்கும் அடி" என்று நேராகவே சொல்லிவிட்டார். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்காக நான் பரிந்து பேசியிருந்தால் சண்டை எனக்கும் அந்த அண்ணனுக்கும் நடுவில் ஆகியிருக்கும். நோட்டைத் திறந்து முந்தின மூன்று நாளையும் படிக்கச் சொன்னேன். தேக்கம் தினமும் பதினொன்றரை மணிக்கு மேல்தான் ஆரம்பித்திருந்தது. அது ஏன் என்று கேட்டேன். கைமடிகளில் ஒருத்திதான் பதில் சொன்னாள். அந்த நேரத்தில் அவளைச் செக்கிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள், கைத்துணியை வலம் இடம் பார்த்து அடுக்கிக் கொடுக்க ஆள் இல்லை, அந்தத் தம்பி தானே எழுந்து அடுக்கித் தைக்கிறான். மூன்று வாரத்தில் கூட்டத்தில் ஒரு கைமடி பேசியது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து அவளை அங்கிருந்து நகர்த்தவில்லை, தேக்கமும் பாதிக்கு மேல் குறைந்தது.

ஊக்கத்தொகையில் கைமடிகளின் பங்கு என்ன என்ற கேள்வியும் இதனால்தான் திறந்தது. அதுவரை டெய்லர்கள் அதைப் பேசவே தயாராக இல்லை. மூன்று காலை வாதம் நடந்தது. டெய்லருக்கு ஒரு பங்கு என்றால் கைமடிக்குக் கால் பங்கு என்று தொடங்கி, கடைசியில் 0.6 பங்கில் முடிந்தது. இரண்டு கைமடிகள் வராத ஒரு வெள்ளிக்கிழமை எத்தனை பீஸ் குறைந்தது என்பதை நோட்டிலிருந்து எடுத்துப் படித்தது அக்காதான். தன் பங்கு குறையும் என்று தெரிந்தே படித்தார்.

ஐந்தாவது வாரம் எல்லாம் கையைவிட்டுப் போகப் பார்த்தது. எண்ணிக்கை 640-ஐத் தொட்டிருந்தது. சனிக்கிழமை ராத்திரி எனக்குப் போன் வந்தது. மூன்று பேருக்குச் சம்பளம் சராசரிக்குக் கீழே வந்திருக்கிறது, சில நூறு ரூபாய் குறைவு. "லைன்தான் நல்லா ஓடுதே, இனி எதுக்குப் பாதுகாப்பு" என்று முதலாளி அக்கவுண்ட்ஸில் வாய்மொழியாகச் சொல்லி, அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை 8.30-க்கு ஒருவரும் எழுந்து வரவில்லை. அவரவர் மெஷினில் உட்கார்ந்து மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். வேலை நடந்தது. கணக்கு நோட்டு மட்டும் நாள் முழுக்கத் திறக்கப்படாமல் கிடந்தது. வேலைநிறுத்தம் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

முதலாளியிடம் போய், எழுதிக் கொடுத்த தாளை மேஜைமேல் வைத்தேன். எட்டு வாரம் என்று அவரே கையெழுத்துப் போட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. நூல் விலையும் ஆர்டர் நிலவரமும் மண்டையில் ஓடிக்கொண்டிருக்க, மிச்சம் பிடிக்க முடிந்த இடத்தில் பிடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை பாக்கித் தொகையோடு அவரே லைனுக்கு வந்து, "தப்பு நம்முளுதுதானுங்க. எட்டு வாரம்னா எட்டு வாரம்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, பேசாமல் இருந்ததும் நல்லது. புதன்கிழமை நோட்டு திறந்தது.

விளைவு

எட்டாவது வார முடிவில் ஷிப்டுக்கு 690 பீஸ், பன்னிரண்டாவது வாரத்தில் 740. ஆல்ட்ரேஷன் நூற்றுக்கு ஒன்பதிலிருந்து நான்காக இறங்கியது. கழுத்தில் பிழை விழுந்தால் இப்போது பத்துப் பதினைந்து பீஸுக்குள் தெரிந்துவிடுகிறது. மூன்று நாள் ஆன பீஸ் அரை ஷிப்டில் செக்கிங்குக்கு வருகிறது. மெதுவாகத் தைத்தவர்களுக்கும் கைமடிகளுக்கும் வாரச் சம்பளம் கூடியது.

பன்னிரண்டு வாரத்தில் நின்றவர் ஒருவர், அது அக்கா. பாதுகாப்புக் காலம் முடிந்த மூன்றாவது வாரம், வீட்டுக்குப் பக்கத்தில் பீஸ் ரேட் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் சின்ன இடம்) போனார். ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்கத் தன் மெஷினில் ஒரு ஒடிசாப் பையனை உட்காரவைத்து ரிப்பை எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். நிர்வாகத்தின் அறிக்கையில் "ஒருவர் மட்டுமே விலகினார்" என்று வந்தது. எண்ணிக்கை சரிதான். ஆனால் அந்த ஒருவர் பதினெட்டு வருடக் கை. அவருடைய நஷ்டத்திலிருந்துதான் மற்றவர்களுடைய லாபத்தில் ஒரு பகுதி வந்தது, அதை வேறு பெயர் சொல்லி மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

சூப்பர்வைசர் முதல் இரண்டு மாதம் அருமையாகக் கற்றுக்கொடுத்தார். எட்டுப் பேர் இரண்டாவது மெஷின் பழகினார்கள். ஷிப்மென்ட் நெருக்கிய ஒரு வாரத்தில் பழையபடி தானே ஆட்களை இடம் மாற்ற ஆரம்பித்தார், காலைக் கூட்டம் இரண்டு நாள் நடக்கவில்லை. குழுவே அவரிடம் கேட்டுக் கூட்டத்தைத் திரும்பத் தொடங்கியது. அதில் எனக்கு வேலை இருக்கவில்லை.

மறுபடி செய்தால்

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, அவரவர் பழைய எட்டு வாரக் கணக்கையும் புதிய முறையில் வரக்கூடியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன், அதுவும் முதல் கூட்டத்துக்கு முன்பே. நாங்கள் பொதுவான எண்களைச் சொன்னோம். டெய்லர்கள் வீட்டில் உட்கார்ந்து தாங்களே கணக்குப் போட்டு, தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்தார்கள்.

வேகமான கைக்கு விலை வைக்காமல் குழு ஊக்கத்தொகையை ஆரம்பித்தது பெரிய குறை. திறமைக்கு ஏற்ப ஷிப்ட் கூலியிலேயே படிநிலை வைக்க வேண்டும் என்று நான் ஏழாவது வாரம்தான் பேசினேன். அப்போது அக்கா வேறு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தார். முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும்.

கைமடிகளோடு தனியாக ஒரு முறைகூட உட்காரவில்லை. அந்தப் பெண் பதினொன்றரை மணித் தேக்கத்தைச் சொல்ல மூன்று வாரம் ஆனது. தனியாகக் கேட்டிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

சம்பளப் பாதுகாப்புத் தாளின் ஒரு நகல் அக்கவுண்ட்ஸ் கையில் இருந்திருக்க வேண்டும், எந்தத் தேதிவரை என்ற வரியோடு. முதலாளி கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைத்தேன். சனிக்கிழமைச் சீட்டைத் தயாரிப்பவருக்கு அந்தத் தாளைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. அதோடு, கூட்டங்களில் "உங்களுக்குக் குறையாது, நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு மூன்று தடவை என் வாயால் சொல்லியிருக்கிறேன். பணம் என்னுடையது இல்லை, அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. ஐந்தாவது வாரத் திங்கட்கிழமை அவர்கள் முகம் கொடுக்காமல் இருந்ததில் என் பங்கும் உண்டு.

இரண்டாவது பிரிவு ஆனி மாதம் மாறியது. மூன்றாவது பிரிவில் சாம்பிளும் வேலைப்பாடு அதிகமுள்ள ஸ்டைல்களுமே ஓடுவதால் பீஸ் ரேட்டிலேயே விட்டுவிட்டார்கள், அது சரியான முடிவு. இரண்டாவது பிரிவுக்கான அறிவிப்பில், எந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளம் குறைய வாய்ப்பு, அவர்களுக்கான திறமைப் படி எவ்வளவு என்பதை முதல் பத்தியிலேயே போட்டிருந்தார்கள். அந்தப் பத்தியைச் சூப்பர்வைசர் தன் கையால் எழுதி, டைப் செய்யக் கொடுத்திருந்தார்.